ஜாஸ்மின் சாப்பிட்ட மாத்திரை

தி.நகரில் பாண்டுரங்கன் நடத்துகிற மேட்சிங் சென்டரில் சிவப்பு என்று ஒரு நிறமே கிடையாது. தக்காளி உண்டு, குங்குமம் உண்டு, மாதுளை உண்டு, மிளகாய்ப்பழம் உண்டு. ரவிக்கைத் துணிக்காகப் புடவைத் தலைப்பைப் பையில் சுருட்டிக்கொண்டு வரும் பெண்களிடம், "சிவப்புன்னா எந்தச் சிவப்பும்மா?" என்று கேட்பார். அவர்கள் முகத்தில் சந்தேகம் தட்டிய பிறகுதான் துணியை எடுத்துப் போடுவார். சந்தேகம் வந்தவளுக்குப் பேரம் பேச வாய் வராது.

அந்தக் கடையில் பொய்யும் அப்படித்தான். பொய் என்ற பெயரில் ஒன்றும் கிடையாது, வகைவகையாகப் பெயர்கள்தான். "இது கடைசி பீஸ்" என்பது ஒரு வகை. "அசலுக்கே தர்றேன்" என்பது இன்னொன்று. "வேற யாராச்சும்னா தரமாட்டேன்" என்பது வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கிற உயர்ந்த ரகம்.

மகாளய பட்சம் நடந்துகொண்டிருந்தது. புதுத்துணி எடுக்க யாரும் வராத நாட்கள். மத்தியானம் மகள் ஸ்நேஹா கையில் போனோடு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இயற்பியல் படித்து முடித்தவள். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. அங்கே போவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையில் தேறவேண்டும். தேறாவிட்டால் இடமும் இல்லை, விமானமும் இல்லை.

"நைனா, இந்த மெடிக்கல் ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு."

"இல்லைன்னு போடு."

"என்ன கேள்வின்னே நான் இன்னும் சொல்லல."

"சர்க்கார் இன்னா கேட்டாலும் முதல்ல இல்லைன்னு போடணும். அப்பறம் அவங்களே தோண்டி எடுத்தா, 'ஓ, அதைக் கேட்டீங்களா'ன்னு சொல்லிக்கலாம்."

ஸ்நேஹா படித்தாள். மனநலத்துக்காக எப்போதாவது சிகிச்சை எடுத்ததுண்டா, மருந்து சாப்பிட்டதுண்டா என்பது கேள்வி. 'எப்போதாவது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படித்தாள்.

பாண்டுரங்கன் லைனிங் துணியை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

கல்லூரி முதல் வருஷத்தில் அது ஆரம்பித்தது. பனகல் பார்க் நிறுத்தத்தில் பஸ் ஏறுவாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டு, கை சில்லிட்டு, இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பிறகு பஸ் ஏறுவது நின்றது. பிறகு தெருவில் இறங்குவதும் நின்றது. இருதய டாக்டர் பார்த்தார், வயிற்று டாக்டர் பார்த்தார், திருநீறு போடுகிறவரும் பார்த்தார். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லாதது நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அடையாறில் ஒரு மனநல டாக்டரிடம் போவதென்று முடிவாயிற்று. அடையாறு என்றால் தி.நகர் கண்ணுக்கு எட்டாத தூரம் என்பது பாண்டுரங்கனின் கணக்கு.

வரவேற்பில் இருந்த அம்மாள் கேட்டாள்: "பேஷண்ட் பேரு?"

பாண்டுரங்கனுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள். நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும். எதிரே சுவர் தெரிந்தது. முழு வெள்ளையும் இல்லாத, சந்தனமும் இல்லாத ஒரு வெள்ளை. அவர் கடையில் அந்த நிறத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதுவே வாயில் வந்துவிட்டது.

"ஜாஸ்மின்."

"ஜாஸ்மினா?"

"ஆமா."

"இனிஷியல்?"

"பி." இனிஷியலை மட்டும் அவர் யோக்கியமாகச் சொன்னார்.

"ஜாஸ்மின் உள்ளே வாங்க" என்று கூப்பிட்டபோது, பல நாளாகச் சிரிக்காத ஸ்நேஹா ஒரு நொடி சிரித்தாள். அதற்காகவே அந்தப் பெயரைத் திருத்தவேண்டாம் என்று பாண்டுரங்கன் விட்டுவிட்டார். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மாத்திரை. அப்புறம் டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நிறுத்தியும் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது ஸ்நேஹா ரங்கநாதன் தெருவின் தீபாவளிக் கூட்டத்துக்குள் முழங்கையை மடக்கிக்கொண்டு போய்ச் சீப்பு வாங்கிக்கொண்டு திரும்புவாள்.

பாண்டுரங்கன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முகத்தில் ஒரு வெற்றி.

"அன்னிக்கு உங்கம்மா என்னைத் திட்டுனா. இப்ப பாத்தியா? மாத்திரை சாப்ட்டவ ஜாஸ்மின். நீ ஸ்நேஹா. உன் பேர்ல ஒரு சீட்டு கீதா? ஒரு பில்லு கீதா? தண்ணியே படாத புதுத்துணி மாதிரி கீற நீ."

"அதாவது, இந்தக் கேள்வி வரும்னு உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியாது. ஆனா எனக்கு ஒரு இது உண்டு."

கல்லாவுக்கு அந்தப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த மனைவி கனகவல்லி தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த இதாலதான் போன வருஷம் வாங்குன பத்து பண்டல் மயில்கழுத்துக் கலர் இன்னும் பரண்ல தூங்குது."

ஸ்நேஹா போனை அணைத்துவிட்டு எழுந்தாள். "நான் ஆமான்னுதான் போடப்போறேன்."

மறுநாள் பாண்டுரங்கன் சொல்லாமல் கொள்ளாமல் மயிலாப்பூர் போனார். விமானப்படையில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற சுவாமிநாதன் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். விமானம் ஓட்ட வருகிறவர்களைப் பரிசோதிக்க அங்கீகாரம் பெற்றவர். மகள் நேரம் வாங்கியிருந்ததும் அவரிடம்தான். எதிர்க்கடை விலையை அறிய வாடிக்கையாளர் மாதிரி உள்ளே போவது பாண்டுரங்கனுக்குப் பழகிய வேலை.

"யாருக்குப் பரிசோதனை?" என்றார் சுவாமிநாதன்.

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் சார். அவரோட பொண்ணு."

"தெரிஞ்சவர் என்ன பண்றார்?"

"துணி வியாபாரம்."

டாக்டர் பாண்டுரங்கனின் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த ஊதா நூலைப் பார்த்தார். "பேஷ். சொல்லுங்கோ."

"அந்தப் பொண்ணு எப்பவோ, சின்ன வயசுல, மனசுக்குன்னு லேசா ஒரு மாத்திரை சாப்ட்டுச்சு."

"எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்."

டாக்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுன்னு வெச்சுக்கோங்க."

இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி சார், வருஷம்னே போட்டுக்குங்க."

சுவாமிநாதன் சிரித்துவிட்டார். "உங்க கடையில விலை இறங்கும். இங்க வரவா எல்லாரும் இப்படித்தான், ஏத்திண்டே போவா." பிறகு விஷயத்தைச் சொன்னார். "ஒரு தடவை வந்தது, மருந்து சாப்பிட்டு சரியாயிடுத்து, மருந்தை விட்டும் நாளாயிடுத்துன்னா, அது ஒண்ணுக்காகவே கதவைச் சாத்திட மாட்டா. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத்தான் பார்ப்பா. என்ன வந்தது, என்ன மருந்து, எப்போ நிறுத்தினது, எல்லாம் அப்போ வைத்தியம் பண்ணின டாக்டர் எழுதித் தரணும். அதுக்கப்பறம் வேற ஒரு மனநல டாக்டர் புதுசாப் பார்த்துச் சொல்லணும். முடிவு என் கையில இல்லை. கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்."

"சொல்லாமயே விட்டுட்டா?"

"எனக்குத் தெரியப்போறதில்லை. நான் என்ன, மண்டையைத் திறந்தா பார்க்கப்போறேன்?"

பாண்டுரங்கனுக்கு மனம் குளிர்ந்தது.

"ஆனா," என்றார் டாக்டர், "அது அந்தப் பொண்ணு எடுக்கவேண்டிய முடிவு. தெரிஞ்சவர் எடுக்கிறது இல்லை."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, அடை சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளிடம் பாண்டுரங்கன் சொன்னார்: "அந்த டாக்டரே சொல்லிட்டாரு. சொல்லலைன்னா தெரியாதாம்."

"நீ ஏன் அங்க போன?"

"தெரிஞ்சவர் பொண்ணுக்காகப் போனேன்."

ஸ்நேஹா தட்டைத் தள்ளி வைத்தாள். கோபப்படுகிற ஜாதி அல்ல அவள். கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகிவிடும்.

"இப்ப இல்லைன்னு போட்டு உள்ள போறேன்னு வை. வேலைக்குச் சேர்ந்து ஓட்டிட்டிருக்கேன். ஒருநாள் மறுபடியும் அது வருது. டாக்டர்கிட்ட போனா முதல் கேள்வியே, முன்னாடி வந்திருக்கான்னுதான். ஆமான்னா அன்னிக்குப் பொய் சொன்னது வெளிய வரும். அதனால நான் டாக்டர்கிட்டயே போகமாட்டேன் நைனா. யார்கிட்டயும் சொல்லாம, கை சில்லுன்னு ஆனது ஆனபடி, ஏறி உக்காந்து ஓட்டுவேன். அந்த ஃப்ளைட்டுல நீ உக்காருவியா?"

கனகவல்லி இன்னொரு அடையைக் கொண்டுவந்து போட்டாள். "உங்கப்பனா? திருப்பதி பஸ்லயே டிரைவரைத் தூங்கவிடாம பேசிக்கினே வர ஆளு."

"கிடைக்கலைன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் பாண்டுரங்கன்.

ஸ்நேஹா தட்டின் விளிம்பில் இருந்த வெல்லத்தை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். "தெரியல. ரொம்ப நாள் அழுவேன்னு நினைக்கிறேன்."

பாண்டுரங்கன் வெல்லக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடையாறு கிளினிக்கில் சுவருக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தார்கள். வரவேற்பில் அன்று பெயர் கேட்ட அதே அம்மாள், அமீனா பீ. ஸ்நேஹா என்ற பெயரைக் கணினியில் தேடினாள், இல்லை. பாண்டுரங்கன் குரலைத் தாழ்த்தி, "ஜாஸ்மின்னு பாருங்கம்மா" என்றார். உடனே வந்தது.

அன்று வைத்தியம் பார்த்த டாக்டர் புஷ்ரா, ஸ்நேஹாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். "ஜாஸ்மின்! எப்படிம்மா இருக்க? நல்லா இருக்கியே!"

ஸ்நேஹா ஆதார் அட்டையை மேஜையில் வைத்தாள். டாக்டர் அட்டையைப் படித்தார், அவளைப் பார்த்தார், பிறகு சாவகாசமாகப் பாண்டுரங்கன் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் பாண்டுரங்கனுக்குத் தான் விற்ற சாயம்போன துணிகள் எல்லாம் திரும்பி வந்ததுபோல இருந்தது.

"அது ஒண்ணுமில்ல டாக்டர். சின்ன விஷயம். ஸ்நேஹான்னு போட்டு ஒரு லெட்டர் குடுத்தா போதும்."

"ஸ்நேஹான்னு ஒரு பேஷண்டை நான் பார்த்ததே இல்லையே சார். என் குறிப்பு எல்லாம் ஜாஸ்மின் பேர்ல இருக்கு. நாளைக்கு அவங்க குறிப்பைக் காட்டுன்னு கேட்டா?"

"பேரை மாத்திட்டா?"

"பழைய குறிப்புல கை வைக்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதறேன். ஜாஸ்மின்னு வந்த பொண்ணு இவதான், எனக்கு முகம் தெரியும், இன்னிக்கு அடையாளம் பார்த்தேன்னு எழுதறேன். ஏன் வேற பேருங்கிறதை நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

பாண்டுரங்கன் பேனாவை வாங்கிக்கொண்டார். நெற்றியைத் தடவினார். வழி தெரிந்துவிட்டது.

"'பதிவு செய்யும்போது ஏற்பட்ட பிழை'ன்னு எழுதிட்டா இன்னா? யாருக்கும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரின்னா இதெல்லாம் சகஜந்தானே?"

பழைய ஃபைலைக் கொடுக்க வந்த அமீனா பீ கதவருகே நின்றிருந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. "அய்யா," என்றாள். "நான் ரெண்டு வாட்டி கேட்டேன். பொண்ணு நெத்தில பொட்டைப் பாத்துட்டு, ஜாஸ்மினான்னு இன்னொருவாட்டியும் கேட்டேன். நீங்க ஆமான்னீங்க. ரெஜிஸ்டர்ல தப்புன்னா என்னைத்தான் கேப்பாங்க."

ஸ்நேஹா அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

பாண்டுரங்கன் சுற்றிலும் பார்த்தார். கடையில் இப்படி மாட்டிக்கொண்டால் டீ வரவழைக்கலாம்; பேச்சு திரும்பிவிடும். இங்கே டீக்கு வழியில்லை. காகிதத்தை இழுத்து எழுதினார்: 'என் மகளுக்கு மனநல சிகிச்சை நடப்பது தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்று பயந்து, நானே பொய்ப்பெயர் கொடுத்தேன். ஊழியர் கேட்டும் சொல்லவில்லை. மகளுக்கு இதில் பங்கு இல்லை.' அதைவிடச் சின்னதாக எழுத முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது அமீனா பீ, "பாப்பா, சௌக்கியமா இரு" என்றாள். பாண்டுரங்கனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

பரிசோதனை நாளன்று சுவாமிநாதன் அவரைக் கண்டதும், "அடடே, தெரிஞ்சவரே வந்துட்டாரா!" என்றார். கண், காது, இரத்தம், இருதயம் எல்லாம் முதல்தரம். படிவத்தில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆமாம். இப்போதைக்குத் தகுதியில்லை, மனநல அறிக்கை வந்த பிறகு பார்க்கலாம் என்று எழுதினார். "இது முடிவு இல்லைம்மா, நடுவுல ஒரு ஸ்டாப்பிங்தான்" என்று ஸ்நேஹாவிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அறிக்கை எழுதவேண்டிய டாக்டர் ஜெயராம் அதிகம் சிரிக்காத மனிதர். ஸ்நேஹாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு பாண்டுரங்கனை உள்ளே கூப்பிட்டு, அவளையும் உட்காரச் சொன்னார்.

"உங்க பொண்ணு நல்லாப் பேசறாங்க. ஆனா அப்ப எவ்வளவு மோசமா இருந்ததுன்னு வீட்ல இருந்தவங்க சொன்னாத்தான் எனக்குப் புரியும். ஒரு தடவை பேரை மாத்திச் சொல்லியிருக்கீங்க. அதனால யோசிச்சுச் சொல்லுங்க."

"அப்படி ஒண்ணும் பெருசா இல்லைங்க," என்று ஆரம்பித்தார் பாண்டுரங்கன். "கொஞ்சம் டல்லா இருந்துச்சு. வெளிய போக மாட்டேன்னுச்சு. வயசுப் பொண்ணு, படிப்பு டென்ஷன்..."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடியும் வைத்தார்.

முப்பது வருஷம் துணி விற்றவருக்கு, எதிரே இருப்பவரின் கை துணியை விட்டு விலகும் கணம் தெரியாமல் போகுமா? இந்த ஆள் வாங்கப்போவதில்லை. இதற்குமேல் இதே சரக்கை விரித்துப் பயனில்லை.

பாண்டுரங்கன் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"காலைல குளிச்சு, துணி மாத்தி, பையைத் தோள்ல போட்டுக்கினு வாசக்கதவு வரைக்கும் வரும். தாழ்ப்பாள்ல கையை வைக்கும். அப்படியே நிக்கும். அப்பறம் உள்ள போயிடும். தினமும். நான் கடை தொறக்கப் போறேன்னு சொல்லிட்டு எதிர்ல டீக்கடைல நின்னு பாத்துக்கினு இருப்பேன். ஒரு நாளாச்சும் தொறந்துடாதான்னு. பாத்ரூம்ல குழாயைத் தொறந்துவிட்டுட்டு அழும். அவங்கம்மா பக்கெட்டு ரொம்பிடுச்சான்னு சும்மா கேட்டுக்கினே வெளிய நிப்பா."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"உயிரை விட்டுடணும்னு எப்பவாவது பேசினாங்களா?"

"பேசல." பாண்டுரங்கன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அது உண்மையும்தான். "ஆனா நான் பயந்தேன் சார். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். தண்ணித்தொட்டில பூனை விழுதுன்னு வீட்ல சொன்னேன்."

ஸ்நேஹா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இதைச் சொன்னா பொண்ணுக்குப் பாதகமாப் போகலாம்னு தோணலையா?"

"தோணுச்சு சார். அதான் முதல்ல வேற மாதிரி சொல்லிப்பாத்தேன். நீங்க எழுதலை."

ஜெயராம் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். ஸ்நேஹாவிடம் திரும்பி, அப்படி ஏதாவது நினைத்ததுண்டா என்று நேராகக் கேட்டார். அவளும் நேராகச் சொன்னாள்: இல்லை; ஆனால் அப்பா பூட்டுப் போட்டது தப்பில்லை; அந்த நாட்களில் அவளுக்கே அவளைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடிந்திருக்காது. இன்றைக்குச் சொல்ல முடியும். டாக்டர் நிறைய எழுதினார்.

வெளியே வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. கரும்புச்சாறு வண்டி அருகே நின்றார்கள்.

"அப்ப பூனை விழவே இல்லையா?" என்று கேட்டாள் ஸ்நேஹா.

"பூனையா? நம்ம தெருவுல நாய்தான் ஜாஸ்தி."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டீக்கடைல தினமும் நின்னியா?"

"டீ நல்லா போடுவான்."

"நைனா."

"நின்னேன்மா."

"நான் கெடுத்துட்டேன்னு நினைக்கிறியா? இல்லைன்னு போட்டிருந்தா இன்னிக்கு நான் அங்க சேர்ந்திருப்பேன்."

பாண்டுரங்கன் சாற்றை ஒரே மூச்சில் குடித்தார். "இன்னும் இஞ்சி போட்டிருக்கலாம்" என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு, மகளிடம், "தெரியலை. ஆனா இன்னிக்கு ராத்திரி நான் தூங்குவேன்" என்றார்.

அறிக்கையோடு காகிதம் மேலே, விமானத்துறை அலுவலகத்துக்குப் போயிற்று. மேலே போன காகிதம் மேலேயே இருந்தது. பள்ளியில் அவளுக்காக வைத்த இடம் வேறு யாருக்கோ போயிற்று; அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்றார்கள். தீபாவளி வியாபாரம் வந்து போயிற்று. ஸ்நேஹா கடையில் நின்று துணி கிழித்துக் கொடுத்தாள். மேலதிகாரிகள் இன்னொரு விளக்கம் கேட்டார்கள். டாக்டர் புஷ்ரா எழுதிக் கொடுத்தார். பாண்டுரங்கன் இந்த இடைவெளியில் யாரையும் போய்ப் 'பார்க்கவில்லை'. கனகவல்லிக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

தை பிறந்து கல்யாணக் கூட்டம் கடையை நெருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஸ்நேஹாவின் போனுக்கு அது வந்தது. ஏணியின் மேல் நின்றபடியே படித்தாள். இரண்டாவது முறையும் படித்துவிட்டு இறங்கினாள்.

"தகுதின்னு போட்டிருக்காங்க."

கனகவல்லி கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். வரிசையில் நின்ற மூன்று தலைமுறைப் பெண்களும், விஷயம் என்னவென்றே தெரியாமல், நல்ல செய்திதான் என்பது மட்டும் புரிந்து சிரித்தார்கள்.

"ஒரு கண்டிஷன் இருக்கு நைனா. ஒவ்வொரு தடவை பரிசோதனைக்குப் போகும்போதும் இதைப் பத்திக் கேப்பாங்க. மனநல டாக்டர் அறிக்கையும் கூடவே குடுக்கணும்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

பாண்டுரங்கன் வாயைத் திறந்தார். குறைக்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்பதுபோல் ஒரு கணம் வாசலைப் பார்த்தார். பிறகு, "கேக்கட்டும்" என்றார். "நானும் வரணுமா?"

"வேணாம். நானே சொல்லிப்பேன்."